தொட்டறியும் நுண்ணோக்கி: உயிரணுவின் வடிவும் விறைப்பும்

மருத்துவம் கண்ணால் மட்டும் வளர்ந்த கலையன்று, கையாலும் வளர்ந்தது. நாடி பார்ப்பதும், வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்ப்பதும் நோயறிதலின் மிகப் பழைய வழிகள். கிள்ளான் வட்டாரத்தின் வரலாற்றில் இந்தத் தொடுதலுக்குத் தனியிடம் உண்டு. 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், நகரத்தையும் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் மலேரியாக் காய்ச்சல் வாட்டுவதைக் கண்டார். பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் அக்காய்ச்சலின் பரவலை ஆராய்ந்தார். ஒரு தோட்டத்தில் மலேரியா எந்த அளவுக்கு ஊன்றியிருக்கிறது என்பதை அறிய அவர் கையாண்ட முதன்மையான அளவுகோல் எளிமையானது. பிள்ளைகளின் இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து, மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதே அது. நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்னும் கணக்கே அத்தோட்டத்தின் நோய்க்கணக்காயிற்று.

மலேரியா கண்டவருக்கு மண்ணீரல் ஏன் வீங்குகிறது? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால், சிவப்பணு ஒன்று எவ்வளவு விறைப்பானது என்னும் வினாவில் போய் நிற்போம். அந்த அளவை விரலால் அறிய இயலாது. ஏனெனில், விரல் நுனியைவிடச் சிவப்பணு ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. அதைத் தொட்டு அளப்பதற்கென்று வந்த கருவிகளுள் ஒன்றுதான் அணுவிசை நுண்ணோக்கி. அது எவ்வாறு இயங்குகிறது, எதை அளக்கிறது, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

நிரம்பாத சாக்கு

முதலில் சிவப்பணுவின் வடிவத்தை நோக்குவோம். அது ஏறக்குறைய 8 மைக்ரோமீட்டர் குறுக்களவு உடையது. நடுவில் இருபுறமும் குழிந்த வட்டு. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணுவுக்குள் உட்கரு இல்லை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 90 கன மைக்ரோமீட்டர். இதே கொள்ளளவை ஓர் உருண்டைக்குள் அடக்கினால், அதைப் போர்த்த 97 சதுர மைக்ரோமீட்டர் பரப்புள்ள தோல் போதும். ஆனால், சிவப்பணுவின் மேற்பரப்போ ஏறத்தாழ 135 சதுர மைக்ரோமீட்டர். தேவைக்கு மேல் ஐந்தில் இரண்டு பங்கு தோல் மிகுந்திருக்கிறது என்று பொருள்.

அரிசியை முழுக்கத் திணித்துக் கட்டிய சாக்கை வளைக்க முடியாது. பாதி நிரப்பிய சாக்கை எப்படியும் மடிக்கலாம். சிவப்பணு பின்னதைப் போன்றது. தோலுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்னும் புரத இழைகளால் பின்னப்பட்ட வலை ஒன்று இருக்கிறது. வளைந்த அணு மீண்டும் தன் வடிவத்தைப் பெறுவதற்கு இவ்வலை துணைசெய்கிறது. தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்களுக்குள் நெளிந்து நுழைந்து, ஏறக்குறைய 120 நாள்கள் உடலெங்கும் சுற்றிவர சிவப்பணுவால் முடிவது இதனால்தான்.

இவ்வணுக்களுக்கு வைக்கப்படும் கடுமையான தேர்வு மண்ணீரலில் நடக்கிறது. அங்கே ஒரு மைக்ரோமீட்டர் அளவே அகலமுள்ள இடுக்குகளின் வழியே அவை புகுந்து வெளிவர வேண்டும். நெகிழ்வுள்ளவை கடந்துவிடும், முதுமையாலோ நோயாலோ விறைத்தவை சிக்கிக்கொண்டு அழிக்கப்படும். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு விறைத்துப்போகிறது. அத்தகைய அணுக்கள் பெருகும்போது, அவற்றை வடிகட்டும் வேலையும் நோயெதிர்ப்பு வேலையும் ஒருசேர மிகுந்து மண்ணீரல் பருக்கிறது. கிள்ளான் தோட்டங்களில் மருத்துவரின் விரலுக்குத் தட்டுப்பட்ட வீக்கத்தின் பின்னே, கோடிக்கணக்கான சிவப்பணுக்களின் விறைப்பும் ஒரு காரணமாக இருந்தது.

கோலின் நுனியால் பார்த்தல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இருப்பதை நாம் அறிவோம். அப்பகுதி நடைபாதைகளில் புடைப்புக் கோடுகள் பதித்த வழிகள் உண்டு. வெள்ளைக்கோல் பிடித்து நடப்பவர், கோலின் நுனி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கைவழி உணர்ந்து பாதையின் வடிவத்தை மனத்தில் வரைந்துகொள்கிறார். நுனி பட்ட இடம் சிமெண்டா, புல்லா, இளகிய மண்ணா என்பதும் அவருக்குத் தெரிகிறது. வடிவமும் விறைப்பும் ஒரே தொடுதலில் கிடைத்துவிடுகின்றன. அணுவிசை நுண்ணோக்கியின் அடிப்படையும் இதுவே.

1986-ஆம் ஆண்டில் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோப் கெர்பர் ஆகிய மூவரும் இக்கருவியை உலகுக்கு அறிவித்தனர். அதற்கு முன் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் அமைத்த ஊடுருவல் மின்னோட்ட நுண்ணோக்கி, மின்சாரம் கடத்தும் பரப்புகளை மட்டுமே காட்டியது. உயிர்ப்பொருள்களுக்கு அது பொருந்தவில்லை. விசையைக் கொண்டு பார்க்கும் புதிய கருவிக்கு அந்தத் தடை இல்லை.

கருவியின் உயிர்நாடி ஒரு நெடுங்கை. ஒரு முனை பொருத்தப்பட்டு, மறுமுனை காற்றிலோ நீர்மத்திலோ நீண்டு நிற்கும் மெல்லிய தகடு அது. நீளம் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரோமீட்டர். தடிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. நீண்ட முனையின் அடியில் கூம்பு வடிவ ஊசி ஒன்று உண்டு. அதன் நுனியின் ஆரம் சில பத்து நானோமீட்டர் மட்டுமே. ஊசி ஒரு பொருளைத் தொட்டதும் நெடுங்கை சற்றே வளைகிறது.

அந்த வளைவைக் காண்பது எப்படி? வெயிலில் கண்ணாடிச் சில்லைப் பிடித்து விளையாடும் சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் கை இம்மி அசைந்தாலும் எதிர்ச்சுவரில் ஒளிப்பொட்டு முழக்கணக்கில் தாவுகிறது. நெடுங்கையின் முதுகில் லேசர்க் கதிர் ஒன்று விழுந்து தெறிக்கிறது. தெறித்த கதிர் நான்காகப் பகுக்கப்பட்ட ஒளியுணரியில் விழும்போது, பொட்டு எப்பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பது மின்குறியாகப் பதிவாகிறது. இவ்வாறு ஒரு நானோமீட்டருக்கும் குறைவான வளைவைக்கூட அளக்கலாம். நெடுங்கையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் பணியை, மின்னழுத்தத்துக்கேற்ப நீண்டு சுருங்கும் அழுத்தமின் படிகங்கள் செய்கின்றன.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழக்கமாக வெற்றிடத்தில் இயங்குவதால், அதில் வைக்கப்படும் உயிரணு பதப்படுத்தப்பட்டு இறந்த அணுவாகவே இருக்கும். அணுவிசை நுண்ணோக்கியோ, உடல்வெப்பமாகிய 37 பாகையில், ஊட்டநீர்மத்தில் மூழ்கியிருக்கும் அணுவை உயிரோடு இருக்கும்போதே தொடவல்லது. உயிரியலார் இக்கருவியை நாடியதற்கு இதுவே தலையாய காரணம்.

வளைவிலிருந்து விறைப்புக்கு

விசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். சுருள்வில் எவ்வளவு நீள்கிறதோ அதற்கேற்ப விசை மிகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் சொன்ன விதியே இங்கும் பயன்படுகிறது. வளைவை நெடுங்கையின் வில் மாறிலியால் பெருக்கினால் விசை கிடைக்கும். உயிரணுக்களுக்குப் பயன்படும் நெடுங்கைகள் மிக இளக்கமானவை. அவற்றின் வில் மாறிலி மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரை. ஒவ்வொரு நெடுங்கையும் சற்று வேறுபடுமாதலால், அளவீட்டுக்கு முன் அதன் மாறிலியைத் தனியே கண்டறிய வேண்டும். சுற்றியுள்ள மூலக்கூறுகளின் வெப்ப அசைவால் நெடுங்கை தானாகவே நடுங்குகிறது. அந்நடுக்கத்தின் அளவைக் கொண்டு மாறிலியைக் கணிக்கும் முறை 1993-இல் வெளிவந்தது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். கூரிய ஊசி உயிரணுவைக் குத்திவிடக்கூடும் என்பதால், அதற்குப் பதிலாக 5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள சிறு மணி ஒன்றை நெடுங்கையில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வில் மாறிலி மீட்டருக்கு 0.02 நியூட்டன் என்க. மணி உயிரணுவைத் தொட்ட கணத்திலிருந்து கருவி 500 நானோமீட்டர் கீழிறங்குகிறது. அடியில் இருப்பது கண்ணாடியானால், கண்ணாடி குழியாது. நெடுங்கையே 500 நானோமீட்டர் முழுவதும் வளையும். ஆனால், உயிரணுவின் மேல் நெடுங்கை 100 நானோமீட்டர்தான் வளைந்தது என்று கொள்வோம். மீதி 400 நானோமீட்டர் எங்கே போயிற்று? அவ்வளவுக்கு உயிரணு குழிந்து கொடுத்திருக்கிறது. விசை 100 நானோமீட்டரை 0.02-ஆல் பெருக்க வரும் 2 நானோநியூட்டன். ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடையுள்ள ஓர் அரிசிமணி நம் உள்ளங்கையை அழுத்தும் விசையில் இது இலட்சத்தில் ஒரு பங்கு.

விசையும் குழிவும் தெரிந்தபின், வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது எவ்வளவு குழியும் என்பதற்கு ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882-இல் வெளியிட்ட சமன்பாடு கைகொடுக்கிறது. மேற்கண்ட எண்களை அதில் இட்டால், அவ்வுயிரணுவின் யங் குணகம் ஏறக்குறைய 2.8 கிலோபாஸ்கல் என்று வரும். குணகம் கூடினால் விறைப்பு கூடியது, குறைந்தால் இளக்கமானது. கண்ணாடியின் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல். பெரும்பாலான உயிரணுக்களோ 0.1 கிலோபாஸ்கலுக்கும் சில பத்து கிலோபாஸ்கலுக்கும் இடையில் அமைகின்றன. கண்ணாடியைவிட அவை கோடி மடங்கு அளவில் இளகியவை.

வடிவமும் விறைப்பும் இக்கருவியில் பின்னிப் பிணைந்தவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தொடும் விசையால் அணு குழிவதால், படத்தில் காணும் உயரம் உண்மை உயரத்தைவிடக் குறைவாக இருக்கும். எனவே, பல விசைகளில் உயரத்தை அளந்து, விசையே இல்லாதபோது உயரம் என்னவாக இருக்கும் என்று பின்னோக்கிக் கணிக்க வேண்டியுள்ளது.

கோலாலம்பூரிலிருந்து ஒரு விறைத்த அணு

சிவப்பணுவின் விறைப்பைப் பற்றிய உலக அறிவில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. கோலாலம்பூரில் 1900-இல் தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மலேரியா ஆய்வில் நெடிய மரபுடையது. மலாயாவின் பூர்வகுடி மக்கள் சிலரின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் முட்டைவடிவில் இருப்பதையும், அது பரம்பரையாக வருவதையும் லீ இன்ஜோ லுவான் எங் 1965-இல் விளக்கி எழுதினார். 1984-இல், நார்லா மோகன்தாசும் லீ இன்ஜோவும் மாக் உள்ளிட்ட பிறரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, இம்முட்டைவடிவ அணுக்களின் சவ்வு இயல்பான அணுக்களைவிட மிகவும் விறைப்பானது என்று காட்டியது. அவ்விறைப்பே மலேரியா ஒட்டுண்ணி உட்புகாமல் தடுக்கும் மரபுவழி அரணாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. பின்னர் 1991-இல் காரணமும் தெரிந்தது. சவ்விலுள்ள 'பட்டை 3' என்னும் புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தன.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. மலேரியாவால் விறைத்த அணு நோயைக் காட்டுகிறது. பிறவியிலேயே விறைத்த அணுவோ நோயிலிருந்து காக்கிறது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்றவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர். பாப்புவா நியூகினியில் நடந்த ஆய்வுகள், அத்தகைய பிள்ளைகளுக்கு மூளையைத் தாக்கும் மலேரியா வருவதில்லை என்ற அளவுக்குப் பாதுகாப்பைக் கண்டன. ஆகவே, விறைப்பு என்றாலே தீது என்று முடிவுகட்ட இயலாது. எந்த அணு, எந்தக் காரணத்தால், எந்தக் கட்டத்தில் விறைத்தது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

ஒட்டுண்ணி புகுந்த அணுவின் கதை வேறு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியியலார் சுப்ரா சுரேஷும் சிங்கப்பூர் அறிஞர்கள் உள்ளிட்ட அவருடைய குழுவினரும், ஒளிக்கதிரைச் சாமணம்போல் பயன்படுத்திச் சிவப்பணுவை இருபுறமும் இழுத்துப் பார்த்தனர். பால்சிபாரம் ஒட்டுண்ணி முதிர்ந்த கட்டத்தில் அணுவின் விறைப்பு பத்து மடங்கு அளவுக்கு உயர்வதை அவர்கள் 2005-இல் அறிவித்தனர். அணுவிசை நுண்ணோக்கி அவ்வணுவின் மேற்பரப்பைத் தடவிக் காட்டியது. மென்மையாக இருந்த பரப்பில் நூறு நானோமீட்டர் அளவிலான குமிழ்கள் முளைத்திருந்தன. இக்குமிழ்களைப் பற்றுக்கோடாகக் கொண்டே நோயுற்ற அணு இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலின் தேர்வுக்குப் போகாமல் தப்புகிறது. உறுப்புகளின் நுண்குழாய்கள் அடைபட்டு உயிருக்கே ஊறு நேர்வதற்கு இது பெருங்காரணம்.

இது பழங்கதையன்று. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் தோன்றவில்லை. எனினும், குரங்குகளிடமிருந்து தொற்றும் நோல்சி மலேரியா, குறிப்பாகச் சபா, சரவாக் மாநிலங்களில், இன்றும் மக்களைத் தாக்குகிறது. அந்நோயிலும் சிவப்பணுக்களின் நெகிழ்வு குறைவதைச் சபா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

கட்டியும் அதன் அணுவும்

'கட்டி' என்னும் தமிழ்ச் சொல் தொடுதலில் பிறந்த சொல். கெட்டியாகத் தட்டுப்படுவது கட்டி. மார்பகப் புற்றுக் கட்டி விரலுக்கு உறுதியாகத் தட்டுப்படுவது பலரும் அறிந்தது. அப்படியானால், அதிலுள்ள புற்றணுக்களும் விறைப்பாக இருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுவோம். அணுவிசை நுண்ணோக்கி காட்டியது இதற்கு மாறானது. 1999-இல் போலந்து நாட்டு ஆய்வாளர்கள் சிறுநீர்ப்பைப் புற்றணுக்கள் இயல்பானவற்றைவிட ஏறத்தாழ பத்து மடங்கு இளகியிருப்பதைக் கண்டனர். 2007-இல் கலிபோர்னியாவில், நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த நீரில் மிதந்த அணுக்களை அளந்தபோது, பரவும் தன்மையுள்ள புற்றணுக்கள் மற்றவற்றைவிட 70 விழுக்காட்டுக்கு மேல் இளகியிருந்தன.

முரண்பாடு மேலோட்டமானதே. விரலுக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மை பெரிதும் அணுக்களுக்கு வெளியே உள்ள கொலாஜன் இழைகள் பெருகி இறுகியதால் வருகிறது. அவ்விழைகளுக்கு நடுவே இருக்கும் புற்றணுவோ இளகியிருப்பதால் இடுக்குகளில் நெளிந்து, பிற உறுப்புகளுக்குப் பரவ வல்லதாகிறது. 2012-இல் பாசல் நகர ஆய்வாளர்கள் மார்பகத் திசுத் துண்டுகளைப் புள்ளி புள்ளியாக அளந்தபோது, நலமான திசு ஒரே சீரான விறைப்பையும், புற்றுத் திசு இளகியதும் இறுகியதும் கலந்த பரந்த விறைப்பையும் காட்டின.

இதிலிருந்து ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் புற்றுநோயை உறுதிசெய்வது இன்றும் திசுச் சோதனையே. அணுவிசை நுண்ணோக்கி அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. கட்டி தட்டுப்பட்டால் அது கெட்டியா மெத்தெனவா என்று வீட்டில் ஆராய்ந்து நாள் கடத்துவது தவறு. வலி இல்லை என்பதும் காத்திருக்கக் காரணமாகாது.

பதம் பார்ப்பதில் உள்ள இடர்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஒரே தீயில், ஒரே நீரில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும்; உயிரணுக்களுக்குப் பொருந்தாது. ஒரே கலத்தில் வளர்ந்த அணுக்களுக்குள்ளும் விறைப்பு பல மடங்கு வேறுபடுகிறது. ஓர் அணுவிலேயே உட்கருவின் மேல் ஓர் அளவும் ஓரத்தில் வேறோர் அளவும் வரும். ஆகவே, பல அணுக்களில், பல இடங்களில் அளந்து, பரவலைக் காட்டினால்தான் முடிவுக்கு மதிப்பு உண்டு. அணுவின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தினால், அடியிலுள்ள கண்ணாடியின் விறைப்பும் கணக்கில் கலந்துவிடும்.

வேகமும் முடிவை மாற்றும். ரொட்டி சானாய் மாவைச் சட்டென்று தட்டினால் அது எதிர்க்கிறது. விரலை மெல்ல அழுத்தி வைத்திருந்தால் குழிந்து கொடுக்கிறது. உயிரணுவும் மீட்சியும் பாகுத்தன்மையும் கலந்த பொருளே. விரைவாக அழுத்தினால் விறைப்பாகவும், மெல்ல அழுத்தினால் இளக்கமாகவும் தோன்றும். ஒரே வகை மார்பகப் புற்றணுவைப் பல ஆய்வகங்கள் பல கருவிகளால் அளந்து 2018-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முடிவுகள் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டன. யாரும் பிழையாக அளந்தார்கள் என்பதன்று இதன் பொருள். எவ்வளவு பரப்பில், எவ்வளவு ஆழத்தில், எந்த வேகத்தில் தொட்டோம் என்பதைச் சொல்லாமல் விறைப்புக்கு ஓர் எண்ணைச் சொல்வது குறைபாடுடையது.

சொல்லும் அளவும்

தமிழில் இத்துறையைப் பேசுவதற்குச் சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. வளைய மறுப்பது விறைப்பு; உடைய மறுப்பது வலிமை; கீறலுக்கு இடங்கொடாதது கடினம்; விசை நீங்கியதும் பழைய வடிவுக்கு வருவது மீட்சி; ஓடும் பொருளின் தடை பாகுத்தன்மை. அன்றாடப் பேச்சில் இவை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கலாம், அறிவியலில் கூடாது. கண்ணாடி மிக விறைப்பானது, ஆயினும் எளிதில் உடைவது. சிவப்பணு மிக இளகியது, ஆயினும் இதயம் நாள்தோறும் தள்ளும் ஓட்டத்தை நான்கு மாதம் தாங்குவது. இவ்வேறுபாட்டை ஒரே சொல்லால் சொல்ல முற்பட்டால் கருத்தே சிதைந்துவிடும். சமையற்கட்டிலிருந்து வந்த 'பதம்' என்னும் சொல்லோ, ஒரு பொருளின் இயந்திர நிலை முழுவதையும் ஒருங்கே குறிக்கும் ஆற்றல் உடையது. அதனை இத்துறைக்குக் கொண்டுவருவது பற்றி அறிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கிள்ளான் தோட்டங்களில் எண்ணப்பட்ட மண்ணீரல்களின் பயன் அந்த எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடித்ததும், கொசு பெருகும் இடங்களை அழித்ததும், குடியிருப்புகளைக் காத்ததும் அவ்வெண்களைப் பின்தொடர்ந்த செயல்கள். உயிரணுவைத் தொட்டு இன்று நாம் பெறும் அளவுகளும் அத்தகைய செயல்களுக்காகக் காத்திருக்கின்றன. எந்த மருந்து விறைத்த சிவப்பணுவை மீண்டும் நெகிழச் செய்யும், எந்தப் புற்று பரவும், எது பரவாது என்னும் வினாக்களுக்கு அவை விடை தரத் தொடங்கும்போதுதான், இக்கருவி ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே வந்து சேரும்.